வலது தோள்

பக்கத்து அறையில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று தங்கை பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்தாள்.

படம் மேசைமேல் கிடந்தது. அவள் பத்தொன்பது வயதில் வரைந்த முதல் அக்ரிலிக் படம். அக்காவின் கணவர் நீலச் சட்டையில், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அந்த அத்தான் இறந்துபோய் நான்கு வருடமாகிறது.

வண்ணப் பெட்டி வாங்கிக் கொடுத்ததே அவர்தான். தையல் மிஷின் பழுது பார்க்கிறவருக்கு ஓவியத்தைப் பற்றி என்ன தெரியும். கடையில் இருந்ததிலேயே பெரிய பெட்டியாகப் பார்த்து வாங்கி வந்துவிட்டார். வேலை முடிந்து வந்த களைப்போடு மூன்று சாயங்காலம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தும் கொடுத்தார். மூக்கில் ஈ உட்கார்ந்தபோதுகூட மைத்துனியிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் விரட்டினார்.

இப்போது மைத்துனி பெரிய ஓவியர். உங்களை வரையத் தூண்டியவர்கள் யார் என்று பேட்டியில் கேட்டால் கடல் கடந்த நாலைந்து பெயர்களை மூச்சுவிடாமல் சொல்லுவாள். அந்த வரிசையில் அத்தான் ஒரு நாளும் வந்ததில்லை.

அடுத்த வாரம் அவளுடைய முப்பது வருட ஓவியங்களுக்குக் கண்காட்சி. முதல் படம் கொஞ்சம் சுமாராக இருந்தால்தான் வளர்ச்சி தெரியும் என்று அமைப்பாளர் சொன்னபோது எல்லோரோடும் சேர்ந்து அவளும் சிரித்தாள்.

சிரித்தாளே தவிர, உள்ளுக்குள் சுருக்கென்றது. படத்தில் வலது தோள் இறங்கியிருந்தது.

முதல் வருட மாணவிகூடச் செய்யக் கூசுகிற பிழை. அக்கா வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தத் தோள் அவள் கண்ணில் குத்தும். சாப்பிட உட்கார்ந்தால் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள்.

படத்தை அக்காவிடமிருந்து வாங்குவது லேசில் நடக்கவில்லை. வீட்டுக்கு வெள்ளையடித்தபோதே படத்தைக் கழற்றவிடாமல், சுற்றிலும் அடித்துவிட்டுப் போங்கள் என்றவள் அக்கா. காலில் விழாத குறையாகக் கெஞ்சி, பத்தே நாளில் திருப்பித் தருவதாகச் சத்தியம் செய்த பிறகுதான் ஆணியிலிருந்து இறக்கினாள். இறக்கியதும், வழியில் அடிபடக் கூடாதென்று படத்துக்கு ஓர் உறை தைக்க உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து அறையில் ஓடுகிற மிஷின் அதற்குத்தான்.

தங்கைக்குக் கை சும்மா இருக்கவில்லை. அக்காவுக்குத் தெரியவா போகிறது என்ற தைரியம் வேறு.

எப்போதும் கைப்பையில் இருக்கிற வண்ணங்களை எடுத்தாள். ஒரு பொட்டு நீலம், அரைப் பொட்டு வெள்ளை, பிரஷ் நுனியில் கொஞ்சம் மண் நிறம். அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி கருக்கும். அதனால் ஒரு படி வெளுப்பாகவே கலந்தாள். இது கைவர அவளுக்குப் பத்து வருடம் பிடித்தது. எலும்புக்கூட்டை வரைந்து வரைந்து தோளெலும்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல இன்னும் பத்து வருடம்.

தோளை ஏற்றினாள். காலரை அதற்கேற்ப நகர்த்தினாள். சட்டையில் மடிப்பு ஒன்றைப் புதிதாகப் போட்டாள். பழைய நீலம் எது, புதிய நீலம் எது என்று அவளுக்கே தெரியவில்லை.

அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கையில் கிடைத்த புத்தகத்தால் விசிறிவிட்டாள். பத்து நிமிடத்தில் காய்ந்துவிட்டது. அத்தானுக்கு இவ்வளவு நாள் செய்யாததை இன்றைக்குச் செய்துவிட்டது போல மனசுக்கு நிறைவாகக்கூட இருந்தது.

மிஷின் நின்றது.

அக்கா உறையோடு வந்தாள். உள்ளே மெத்தென்று துணி வைத்து, உறையின் வாயில் நான்கு பொத்தான் தைத்திருந்தாள். படத்தைப் பார்த்தவள் மேசைமேல் குனிந்தாள். பிறகு சட்டைக்கு அளவெடுப்பதுபோலக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் படத்தில் கழுத்திலிருந்து தோள்வரை வைத்துப் பார்த்தாள்.

"தோளை ஏத்திட்டியா?"

"தப்பா இருந்துச்சுக்கா. சின்ன வயசுல வரைஞ்சது."

"தப்பில்லடி. வீடு வீடாப் போயி மிஷினைத் தூக்கித் தூக்கி அவருக்கு அந்தத் தோள் அரை இன்ச் எறக்கம். கல்யாணமானதுல இருந்து அந்த அளவுக்குத்தான் நான் சட்டை வெட்டினேன்." அக்காவின் குரலில் கோபம் இல்லை. "போட்டோக்காரங்க எல்லாரும் தோளை நேரா வெச்சுக்கங்கன்னு சொல்லிச் சொல்லியே எடுத்தாங்க. நீ ஒருத்திதான் அவரை அவராவே விட்டே."

தங்கை ஈரத்துணியை எடுத்து அழுத்தித் துடைத்தாள். காய்ந்த அக்ரிலிக் தண்ணீருக்கு இளகாது; துணியில் துளி நீலம்கூட ஒட்டவில்லை.

மறுபடி இறக்கிவிடலாம் என்று பிரஷ்ஷை எடுத்தாள். எவ்வளவு இறக்குவது, காலர் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று நினைவுக்கு வரவில்லை. முப்பது வருடமாகப் பிழை என்று மட்டுமே பார்த்த தோள். ஒன்றும் தெரியாமல், எதிரே உட்கார்ந்தவரை அப்படியே பார்த்து வரைந்த அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்ணின்மேல் பொறாமையாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

அக்கா அவள் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கித் தண்ணீரில் போட்டாள். படத்தை உறைக்குள் செருகி நான்கு பொத்தானையும் போட்டாள். அளவு கச்சிதமாக இருந்தது.

"பத்து நாள்ல கொண்டு வந்துடறேன்க்கா."

"வேணாம்டி, நீயே வெச்சுக்க," என்றாள் அக்கா. "படம் நல்லாத்தான் இருக்கு."