பாரம் மாறிய புத்தகம்

டாக்டர் மேஜைமேல் வைத்த தாளில் குட்டிக் குட்டிப் புழுக்கள் ஜோடி ஜோடியாக நின்றன.

இருபத்து மூன்று ஜோடி குரோமோசோம். எல்லாம் என் வீட்டுக்காரருடையவை.

"இந்த ரெண்டுலயும் நுனி மட்டும் இடம் மாறியிருக்கு" என்று டாக்டர் பேனாவால் தொட்டுக் காட்டினார். இவருக்கு விந்தணு குறைவாக இருப்பதற்கும், எனக்கு மூன்று முறை கலைந்ததற்கும் அதுதான் காரணமாம்.

ஆறு வருஷமாக என்னைத்தான் துருவித் துருவிச் சோதித்தார்கள். ஊசி குத்தாத இடமில்லை, விழுங்காத மாத்திரை இல்லை. இந்தச் சோதனைக்கென்று இவரிடம் ரத்தம் கேட்டது போன மாசம்தான்.

என் மாமியார் பக்கத்து நாற்காலியில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னிடம் என்ன கோளாறு என்பதை நேரிலேயே கேட்டுவிட வேண்டுமென்று கூடவே கிளம்பி வந்தவர். "நானும் ஒண்ணே ஒண்ணுதான் பெத்தேன். ஆனா அது நானா நிறுத்தினது" என்று பஸ்ஸில்கூட சொல்லிக்கொண்டு வந்தார்.

எனக்குக் கோபம் வர வேண்டும். வந்தது. ஆனால் இவர் முகத்தைப் பார்த்ததும் பாதியிலேயே நின்றுவிட்டது.

மனிதர் அந்தத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தலைகீழாகத் திருப்பி, சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுவும் குறையலையே?"

குறையவில்லை என்றார் டாக்டர். எல்லாம் இருக்கிறது, இடம்தான் மாறியிருக்கிறது, அதனால் இவருக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றைத்தான் பிள்ளைக்குக் கொடுக்கிறோம், சிக்கல் அங்கேதான் வருகிறது.

"பாரம் மாறிப்போச்சு!" என்று இவர் கிட்டத்தட்டக் கத்தினார்.

டாக்டர் விழித்தார். நான்தான் விளக்க வேண்டியிருந்தது.

இவர் புத்தகம் பைண்டிங் செய்கிறவர். பதினாறு பக்கம் சேர்ந்த மடிப்பை அங்கே பாரம் என்பார்கள். கல்யாணமான புதிதில், இரண்டு பாகமாக வந்த ஒரு புத்தகத்தில், முதல் பாகத்தின் கடைசிப் பாரத்தை இரண்டாம் பாகத்திலும், இரண்டாவதன் கடைசிப் பாரத்தை முதல் பாகத்திலும் வைத்துத் தைத்துவிட்டார். இரண்டு பாகத்தையும் சேர்த்து வாங்கியவர்கள் தேடிப் படித்துக்கொண்டார்கள். ஒரு பாகம் மட்டும் வாங்கியவர்தான் கடைக்குச் சண்டைக்கு வந்தார். அச்சகத்தில் இன்றைக்கும் இவர் பெயர் 'பாரம் மாத்தி'.

அதேதான், அச்சு அசல் அதேதான் என்று டாக்டர் சிரித்துவிட்டார். மாறிய இரண்டும் சேர்ந்து போனாலும் பிழைக்கும், மாறாத இரண்டும் சேர்ந்து போனாலும் பிழைக்கும். அதில் ஒன்றும் இதில் ஒன்றுமாகக் கலந்து போனால்தான் கரு நிற்பதில்லை.

அப்படியென்றால் நிற்கவும் வழி இருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. நான் அடக்கவில்லை.

இவர் விடுவதாக இல்லை. முதலில் இதை மாற்றித் தைத்தது யார் என்று தெரிந்தாக வேண்டுமாம்.

பெரும்பாலும் அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வரும் என்றார் டாக்டர்.

அத்தை மடியிலிருந்த பையின் காதை முறுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு, யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"அஞ்சாம் மாசத்துல போறதும் இதனாலதானா, டாக்டர்?"

இருக்கலாமே என்றபடி டாக்டர் என் ஃபைலைப் புரட்டி, அந்த ஐந்தாம் மாசத்தைத் தேடினார்.

அது அதில் இருக்காது. என்னுடைய மூன்றும் இரண்டு மாசத்தைத் தாண்டியதில்லை.