பின்வாசல் காவலர்

யாங்கோனில் ஒரு வெளிநாட்டுத் தூதரகத்தின் இரண்டு வாசல்களுக்கும் சேர்த்து ஐந்து காவலர்கள் ஒதுக்கப்பட்டிருந்தனர். பின்வாசலில் நின்ற கோ தெய்ன், தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரத்தில் லாரி மோதி இறந்தார். சிவப்புக் கம்பியால் வார் கட்டப்பட்ட அவருடைய செருப்புகளைச் சவப்பெட்டிக்குள் வைத்தவன் உடன் காவலனான சிவராஜ். அது எரிந்து அடங்கும்வரை அவன் அங்கேயே நின்றான். அன்றுமுதல் பின்வாசல் பூட்டியே கிடந்தது. மற்ற நால்வருக்கும் விடுப்பு இல்லாமற் போயிற்று.

ஆடி மழையில் சிவராஜின் மனைவி புஷ்பலதாவுக்குப் பிரசவ வலி கண்டது. முதல் குழந்தையைப் பறிகொடுத்தவள், இம்முறை அவன் அருகில் இருக்க வேண்டுமென்று கேட்டிருந்தாள். மாற்று ஆள் கேட்டு அவன் காவலர்களைப் பணிக்கு அனுப்பும் ஒதுக்கீட்டு அலுவலகத்துக்கு ஓடினான்.

எழுத்தர் செல்லக்கண்ணு வருகைத் தாள்களைப் புரட்டினார். "ஆளு எங்கப்பா குறையுது? தினம் அஞ்சு கையெழுத்து வருதே."

"கோ தெய்ன் செத்து மூணு மாசமாச்சுண்ணே."

"லீவு வேணும்னா லீவுன்னு கேளு. அதுக்காக ஒரு மனுசனைச் சாகடிப்பியா?"

அவர் நீட்டிய தாளில், அன்று காலைத் தேதியில், கோ தெய்னின் சாய்ந்த கையெழுத்து இருந்தது.

"அவரு பாத்துக்குவாரு. நீ கெளம்பு."

சிவராஜ் விடுப்புச் சீட்டுடன் மருத்துவமனைக்கு விரைந்தான். ஆண் குழந்தை பிறந்திருப்பதாகவும், காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போகலாமென்றும் தாதி பர்மிய மொழியில் கூறினாள்.

அவன் குனிந்தான். அறைவாசலில் ஒரு சோடிச் செருப்பு உள்நோக்கிக் கிடந்தது. அதன் வாரில் சிவப்புக் கம்பி சுற்றியிருந்தது.

உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்டான்.

தாயும் பிள்ளையும் மட்டுமே என்றாள் தாதி.