பிரேக் என்கிட்ட இருக்கு

“ஜெயில்தான் மேடம். மன்னிப்பு, எச்சரிக்கை, அந்தப் பேச்செல்லாம் எனக்கு வேண்டாம்” என்றார் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்.

இன்ஸ்பெக்டர் அவர் நீட்டிய போனை வாங்கிப் பார்த்தார்.

திரையில் ஒரு கார்ட்டூன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருக்கும் ஒரு பெண். பக்கத்து இருக்கையில், காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மீசையோடு ஒருவர், இரண்டு காலாலும் வெறும் தரையை மிதிக்கிறார். கார் அவருடைய டிரைவிங் ஸ்கூல் போர்டையே சாய்த்துக்கொண்டு போகிறது. மேலே ஒரு வரி: ‘பயப்படாதே, பிரேக் என்கிட்ட இருக்கு.’

மாஸ்டர் தினமும் எல்லா மாணவர்களிடமும் சொல்லும் வசனம் அது. ஸ்கூல் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அவர் கால் அதிலேயே பழகிப்போனது. போன வாரம் ஒரு மாணவி, தன் அண்ணன் காரிலேயே ஓட்டிப் பழக வேண்டும் என்று கேட்டாள். அந்தக் காரில் அவர் பக்கம் பிரேக் இல்லை. காலுக்கு அது தெரியவில்லை.

படம் வரைந்தது அந்த மாணவிதான். நர்ஸ். சுவரோரமாக, அழுத முகத்தோடு நின்றிருந்தாள். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. போலீஸ் நற்சான்று கிடைத்தால் கிளம்பலாம். பெயரில் ஒரு வழக்கு விழுந்தால் அது கிடைக்காது, வேலையும் இல்லை.

“தப்புதான் மாஸ்டர். ரூம்ல இருக்கிற பொண்ணுங்க சிரிக்கட்டும்னு ஸ்டேட்டஸ்ல போட்டேன். உங்க நம்பரும் என் போன்ல இருக்கிறதை மறந்துட்டேன். என்னையும் சேர்த்துத்தானே வரைஞ்சிருக்கேன். அன்னிக்கே எடுத்துட்டேன்.”

“மீசையை இவ்வளவு பெருசா வரையும்போது தோணலையா?”

மாஸ்டரின் மனைவி அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். சின்னப் பொண்ணு, பிழைச்சுப் போகட்டும் என்று முணுமுணுத்தாள். அவர் கையை உதறிக்கொண்டார்.

பிறகு இன்ஸ்பெக்டருக்குச் சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று விளக்கினார். இன்டர்நெட்டில் ஒருவரை அவமானப்படுத்தினால் ஜாமீனே கூடாது. ஒருத்தியை உள்ளே போட்டால் ஊரே அடங்கும். கருத்துச் சுதந்திரம் என்பதெல்லாம் வேலைவெட்டி இல்லாதவர்கள் கிளப்பிவிட்டது. கியர் பாடம் எடுப்பதுபோலக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்.

கான்ஸ்டபிள் கம்ப்யூட்டரில் புகாரை அடித்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் உள்ளே நுழைந்ததிலிருந்தே சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டுதான் இருந்தார்.

“வரைஞ்சவங்களை மட்டும் தண்டிச்சாப் போதுமா சார்?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

“எப்படிப் போதும்? நாலு பேர் சிரிக்கட்டும்னு இதை ஊரெல்லாம் பரப்பினான் பாருங்க, அவன்தான் பெரிய அயோக்கியன். இவளுக்கு ஒரு பங்குன்னா அவனுக்கு ரெண்டு பங்கு குடுக்கணும்.”

“யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“யோசிக்காம நான் இண்டிகேட்டர்கூடப் போட மாட்டேன் மேடம்.”

அதையும் அப்படியே புகாரில் அடிக்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர். பிறகு கான்ஸ்டபிள் பக்கம் திரும்பினார். “இந்தப் பொண்ணோட ரூம்ல இருக்கிறவங்க நாலு பேர். நீங்க இந்தப் படத்தை நேத்தே எனக்குக் காட்டினீங்களே, உங்களுக்கு யார் அனுப்பினாங்க?”

“என் மச்சான் மேடம். இவர்கிட்டதான் கார் ஓட்டக் கத்துக்கிட்டான்.”

“அவருக்கு?”

கான்ஸ்டபிள் கீபோர்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “பழைய மாணவர்கள் குரூப்ல வந்துச்சாம். மாஸ்டரே போட்டிருக்கார்.”

இன்ஸ்பெக்டர் கையில் இருந்த மாஸ்டரின் போனில் ஒவ்வொரு குரூப்பாக மெதுவாகத் தள்ளிப் பார்த்தார். பழைய மாணவர்கள் குரூப். சொந்தக்காரர்கள் குரூப். டிரைவிங் ஸ்கூல் உரிமையாளர்கள் குரூப். காலையில் நடைபயிற்சி போகிறவர்கள் குரூப். எல்லாவற்றிலும் அதே படம், கூடவே மாஸ்டரின் வரி: ‘இந்தக் கேவலத்தைப் பாருங்கள். அனைவருக்கும் அனுப்புங்கள்.’

“பரப்பினவர் பேர் போடணும் சார்” என்றார் இன்ஸ்பெக்டர். “ரெண்டு பங்குன்னு வேற சொல்லிட்டீங்க.”

மாஸ்டர் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வேறு யாருடைய போனோ கைமாறி வந்துவிட்டதுபோல.

“ஒரு பொம்மைப் படத்துக்குப் போய் ஜெயிலா? அது கொஞ்சம் ஓவர் இல்லையா மேடம்? நாம என்ன காட்டுலயா இருக்கோம்?”

கான்ஸ்டபிள் அதுவரை அடித்ததையெல்லாம் அழித்தார். இன்ஸ்பெக்டர் அந்தப் பெண்ணிடம், நாளைக்கு வந்து நற்சான்றை வாங்கிக்கொள்ளச் சொன்னார். அவள் மாஸ்டருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடினாள்.

வெளியே வந்து வீட்டுக் காரில் உட்கார்ந்ததும் மாஸ்டருக்கு மீசை மறுபடி நிமிர்ந்தது. இவ்வளவு பெரிய மனசு உள்ளே நாலு சுவருக்குள் முடிந்துபோகலாமா? போனை எடுத்துத் தட்டினார்.

‘ஓர் இளம்பெண்ணின் எதிர்காலத்தை எண்ணி, எனக்கு நேர்ந்த அவமானத்தைப் பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டேன்.’

எதை மன்னித்தார் என்று படிக்கிறவர்களுக்குப் புரிய வேண்டுமே. கீழே அந்தப் படத்தையும் சேர்த்தார். எல்லா குரூப்பையும் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தார்.

“ஏங்க, வேண்டாங்க” என்றாள் மனைவி.

“பயப்படாதே” என்றார் மாஸ்டர்.

அவர் விரல் இறங்கியபோது, பக்கத்து இருக்கையில் அவள் கால் இரண்டும் தானாகவே வெறும் தரையை மிதித்தன.