முதுகு காட்டி நிற்பவள்

ஜெனரேட்டர் இரைகிறது. வாய்க்கால் பாலத்தோரம், சிமெண்ட் மேடையில் பதித்த தகட்டின் மேல், பிரின்ஸி செய்த இரும்புப் பெண் நாற்று நடக் குனிந்து நிற்கிறாள். சேற்றுழவு டிராக்டரின் கூண்டுச் சக்கரத்தை வளைத்துச் செய்த முதுகு. தேய்ந்த கருக்கரிவாள்களால் ஆன விரல்கள். விரல்களுக்குள் ஒரு பிடி கம்பி நாற்று. துருவின் சிவப்பில் உச்சி வெயில் ஏறிக் கொதிக்கிறது. பாதங்களைத் தகட்டோடு பற்றவைப்பதுதான் பாக்கி. "ஏம்மா, முகம் ரோட்டைப் பாக்கணும்னு எத்தனை தடவை சொல்றது?" விழாக்குழுத் தலைவர் துரைராசு வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு முன்னால் வருகிறார். "திறக்க வர்ற பெரிய மனுசங்களுக்குப் பின்பக்கத்தையா காட்டுவே? திருப்பி வை." பிரின்ஸி கையுறையை மாட்டிக்கொண்டே எதிர் வயலைக் காட்டுகிறாள். அங்கே எட்டுப் பெண்கள் வரிசையாகக் குனிந்து, நட்டுக்கொண்டே, சேற்றில் ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்ந்து, ரோட்டை நோக்கி வருகிறார்கள். அவர்களுக்கு முன்னால் பச்சை நீண்டுகொண்டே போகிறது. "அது உங்க வயல்தானேங்கய்யா? அவங்க யாராவது ரோட்டைப் பாத்து நடுறாங்களா?" "அது வயலு. இது சிலைம்மா." "சிலைன்னா ரோட்டைப் பாத்து, நட்டதையே மிதிச்சுக்கிட்டு வரலாமா?" பதிலுக்காகப் பிரின்ஸி காத்திருக்கவில்லை. வெல்டிங் கவசத்தை முகத்தில் இறக்கி, இரும்புப் பெண்ணின் குதிகாலருகே மண்டியிட்டு, ராடைத் தகட்டில் தொடுகிறாள். வெயிலையும் வெளிறச் செய்யும் நீல வெளிச்சம் பாய்கிறது. கண் கூச, துரைராசு தன் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொள்கிறார்.