காளிராஜின் பை

“பையைத் திற காளிராஜ்.”

காளிராஜ் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். நகக்கண்ணெல்லாம் ஈர மண்.

“கடப்பாரையும் கையுமாப் பிடிச்சேன் மேடம்,” என்றார் வாட்ச்மேன் வீரமணி. “ஒரு கன்னு வேரோட வெளிய கிடக்கு. இன்னும் எட்டுக் கன்னுல மண்ணு புதுசாக் கிளறிக் கிடக்கு. இவன் தாய்மாமன் ஆர்.எஸ்.மங்கலத்துல நர்சரி வச்சிருக்காரு.”

பேராசிரியை சுகந்திக்குப் புரிந்துவிட்டது. நல்ல கன்றை எடுத்துவிட்டுச் சொத்தையை நட்டு வைக்கிறான்.

போன மாதம் சுற்றுச்சூழல் தினத்தன்று, பி.எட். கல்லூரி மைதானத்தில் ஆசிரியர்களும் விருந்தினர்களும் ஆளுக்கொன்றாக நட்டவை. நாற்பது புங்கங்கன்றுகள். பாதி வாடிவிட்டன. உப்புத்தண்ணிதான் காரணம் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

“சுற்றுச்சூழல் அறம்னு ஒரு வருஷமா உனக்கு நடத்துறேன். நாளைக்கு நீ வாத்தியாராப் போய் பிள்ளைகளுக்கு என்னத்தைச் சொல்லிக் கொடுப்ப?”

“களவாங்கல மேடம்.”

“பிறகு?”

அவன் வீரமணியைப் பார்த்தான். “அண்ணன் கொஞ்சம் வெளிய போனாச் சொல்றேன்.”

“எதுக்குலே? நான் போனதும் மேடம் கால்ல விழுகவா?”

“அவர் இருக்கட்டும்.” முதல்வருக்கு எழுதிய புகாரைச் சுகந்தி மேசையில் விரித்தாள். “நான் கையெழுத்துப் போட்டா உன் இன்டர்னல் மார்க் போச்சு. இந்த வருஷம் பரீட்சை கிடையாது. உங்கய்யாகிட்ட நீயே சொல்லிக்கோ.”

பேனா மூடியைத் திறந்தாள்.

காளிராஜ் பையை மேசைமேல் கவிழ்த்தான்.

கன்று எதுவும் இல்லை. பிளேடால் கிழித்த கறுப்புப் பிளாஸ்டிக் கவர்கள்தான்.

“கவரைக் கழட்டாம அப்படியே குழிக்குள்ள இறக்கிட்டாங்க மேடம். வேர் உள்ளயே சுருண்டு கிடக்கு. கழட்டிட்டு அங்கனயே திரும்ப நடுறேன்.”

வீரமணி சிரித்துவிட்டார். “போட்டோ அவசரம்! எந்த அறிவாளி பார்த்த வேலையோ?”

காளிராஜ் மேலே கிடந்த கவரை மட்டும் மெல்லத் திருப்பிப் போட்டான்.

அதற்குள் சுகந்தி பார்த்துவிட்டாள். கன்று கொடுக்கும்போது கவர்மேல் அவரவர் பெயரை அவரவரே எழுதிக்கொண்டது. வெள்ளை மார்க்கரில், அவள் கையெழுத்தில்: சுகந்தி.

பேனாவை மூடினாள்.

“இன்னும் எத்தனை இருக்கு?”

“முப்பத்தொண்ணு மேடம்.”

“வீரமணி, கூடப் போய்க் குழி தோண்டிக் கொடுங்க.”

புகாரை நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். இருவரும் வாசலைத் தாண்டியதும், அந்த ஒரு கவரை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.