பிழையில்லாத மூன்றாவது கடிதம்

மூன்று தடவை படித்தாகிவிட்டது. திருத்துவதற்கு ஒரு பிழைகூட அகப்படவில்லை. ஞானசெல்வி சிவப்பு மைப் பேனாவை மூடாமல் கையில் வைத்துக்கொண்டு, கணவனின் ஆங்கிலக் கடிதத்தை நாலாவது தடவையாக மேலிருந்து தொடங்கினாள்.

பகலெல்லாம் நெய்யூர்ப் பள்ளிக்கூடத்தில் இதே பாடுதான். 'டிஸ்கஸ் அபௌட்' என்று எழுதாதே, 'டிஸ்கஸ்' போதும். 'ரிட்டர்ன் பேக்' வேண்டாம், 'ரிட்டர்ன்' என்றாலே திரும்புவதுதான் என்று நாற்பது நோட்டில் நாற்பது தடவை எழுதி விரல் மரத்துப்போயிருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் புருஷனுடைய நோட்டு.

சும்மா சொல்லக்கூடாது, இது செல்வதாஸ் தானே கேட்டு வாங்கிக்கொண்ட தண்டனை. கொழும்பில் ஒரு தேயிலைக் கம்பெனி ஆபீசில் அவன் சின்னக் கிளார்க். இங்கிலீஷ் பரீட்சை தேறினால் பெரிய கிளார்க். பெரிய கிளார்க்குக்கு மட்டும்தான் குடும்பத்தோடு இருக்கக் கம்பெனி வீடு.

கல்யாணமான ஆறாம் மாதம், "இனி ஒனக்கு இங்கிலீசுலதான் எழுதுவேன் செல்வி. தப்பைத் திருத்தி அனுப்பு" என்று சொல்லிவிட்டுக் கப்பலேறினான். இப்போது 1953 ஐப்பசி. அவன் போய் இரண்டரை வருஷமாகிவிட்டது.

கடிதம் பள்ளிக்கூட விலாசத்துக்கு வரும். அவள் சிவப்பு மையால் திருத்தி அதே தாளைத் திருப்பி அனுப்புவாள். முதல் வருஷம் தனியாக ஒரு பதிலும் எழுதினாள். பிறகு அலுப்பில் பதில் இரண்டு வரியானது. அப்புறம் திருத்தம் மட்டும்தான் போயிற்று.

'ஐ ஆம் லுக்கிங் ஆஃப்டர் யுவர் லெட்டர்' என்று ஒரு தடவை எழுதியிருந்தான். 'லுக்கிங் ஆஃப்டர்' என்றால் பராமரிப்பது. எதிர்பார்ப்பதற்கு 'லுக்கிங் ஃபார்வர்ட் டு' என்று வட்டம் போட்டு அனுப்பினாள். மனுஷன் எதிர்பார்த்துக் கிடந்தானே, அதற்கு ஒரு வார்த்தை எழுத அவளுக்குத் தோன்றவில்லை.

அப்படிப்பட்டவன் மூன்று மாதமாக டைப் அடித்து அனுப்புகிறான். மூன்று கடிதத்திலும் பிழை கிடையாது. பரீட்சையைத் தை மாதத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள் என்பதற்கு 'புட் ஆஃப்' என்று கனகச்சிதமாகப் போட்டிருந்தான்.

எதிரே மாமியார் யேசுவடியாள் பொட்டணம் கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தெரு முத்துநாயகம் காலையில் கொழும்புக்குப் புறப்படுகிறார். அவர் கையில் கொடுத்துவிட முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும். நடுவில் திப்பிலிப் பொடியை ஒரு காகிதத்தில் மடித்துச் செருகினாள்.

"இருமலுக்குத் தேன்ல கொழைச்சுத் தின்னச் சொல்லி ஒரு வரி எழுதிப் போடு மக்கா."

"எழுதுகேன் மாமி." அவள் கண் கடிதத்தை விட்டு எழவில்லை. "ஒங்க மவன் பாசாயிருவாரு, கேட்டியளா? ஒரு தப்பு கெடையாது. பங்குனிக்குள்ள எனக்குக் கப்பல் டிக்கெட்டு வந்திரும்."

"வேற என்ன எழுதியிருக்கான்?"

"நல்ல சொகமா இருக்காராம். அங்க மழையாம்."

"ஒன்னப் பத்தி?"

ஞானசெல்வி தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "'வித் பெஸ்ட் ரிகார்ட்ஸ்'னு முடிச்சிருக்காரு" என்றாள். முழு மார்க் போடவேண்டிய கடிதந்தான். ஏனோ அவளுக்கு நெஞ்சு வறண்டுகிடந்தது.

மாமியார் இன்னொரு மடிப்புத் திப்பிலிப் பொடியை எடுத்து வைத்தாள்.

அப்போதுதான் ஞானசெல்வி நிமிர்ந்தாள். "மாமி, சொகமா இருக்காருன்னுல்லா எழுதியிருக்கு. இருமல்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

யேசுவடியாள் பொட்டணத்தை ஒதுக்கி வைத்தாள். எழுந்து போய், வேதப்புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு கட்டுக் கடிதத்தை எடுத்து வந்தாள்.

"நீ பள்ளிக்கூடம் போன பொறவுதான் தபால்காரர் வாறாரு. ஒனக்குக் காட்டப்பிடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கான்." கடிதக் கட்டை மருமகள் மடியில் வைத்தாள். "டைப்பு லெட்டரு அவன் எழுதினதில்ல மக்கா. கூட வேலை பாக்குற ஒருத்தரு அடிச்சுக் குடுக்காரு. பரீட்சையைப் புரட்டாசியிலயே எழுதித் தோத்தாச்சு."

கம்பெனி வீடு, கப்பல் டிக்கெட்டு, பங்குனி எல்லாம் ஒரே மூச்சில் போயிற்று. கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"அம்மைக்கு உள்ளதைச் சொல்லுகாரு. எனக்கு பெஸ்ட் ரிகார்ட்ஸ்!"

"பிரிச்சுப் பாரு."

மேலே இருந்ததைப் பிரித்தாள். தமிழ். பென்சிலால் எழுதியது, வரிகள் கோணல்மாணலாக ஓடின. 'என் செல்விக்கு' என்று தொடங்கியிருந்தது. 'இருமல் வந்தால் நீ முதுகைத் தடவித் தருவாய். இங்கே யார் இருக்கிறார்கள்?'

உறையைத் திருப்பினாள். யேசுவடியாள் என்று எழுதியிருந்தது. அடுத்ததைப் பிரித்தாள். அதுவும் 'என் செல்விக்கு'. அதற்கடுத்ததும் அப்படித்தான்.

"இது... ஒங்க பேருக்குல்லா வந்திருக்கு மாமி?"

யேசுவடியாள் மருமகளின் கையிலிருந்த பேனாவை மெல்ல வாங்கி மூடினாள்.

"விலாசம் மட்டுந்தான் எனக்கு மக்கா. சிவப்பு மைக்குப் பயந்துட்டான்."