வீட்ல குளிச்சாங்களா?

வீட்டை வாங்குகிறவர் கறாராகச் சொல்லிவிட்டார். "வாட்டர் ஹீட்டருக்குத் தவணை பாக்கி இருக்கு. கட்டி முடிங்க, இல்லன்னா கழட்டிட்டுப் போங்க. உங்க கடனை என் தலையில கட்டாதீங்க."

நியாயம்தான். ஒண்டிக்கட்டையாக வாடகை அறைக்குப் போகிறவனுக்கு ஹீட்டர் எதற்கு? கடன் கொடுத்த கம்பெனியே எடுத்துக்கொள்ளட்டும் என்று போன் செய்தேன். மெக்கானிக் வந்தார். வீட்டில் மின்சாரத்தைப் போன வாரமே துண்டித்திருந்தார்கள்.

குளியலறைக் குழாயைத் திறந்தவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். ஆவி பறந்தது.

"இப்படிக் கொதிக்குதே! வீட்ல இப்பதான் குளிச்சாங்களா சார்?"

வீட்ல. மனைவி இறந்துபோன பிறகு அந்தச் சொல்லை வைத்து என்னிடம் யாரும் எதையும் விசாரித்ததில்லை. ஹீட்டர் வேண்டும் என்று நச்சரித்தவள் அவள்தான். மாட்டிய பிறகு ஒருநாள்கூட அதில் குளிக்க அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. நானும் பச்சைத் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டேன்.

தரை ஈரமாக இருந்தது. கொக்கியில் தொங்கிய என் துண்டு காய்ந்திருந்தது.

"ஆமா," என்றேன். "இப்பதான்."

"அப்ப ஆறட்டும் சார். அப்புறம் கழட்டுறேன்."

"கழட்டுங்க. ஆனா கம்பெனிக்கு வேண்டாம். பாக்கியை நானே கட்டிடறேன்."

வீடு விற்ற பணத்தில் முதல் செலவு அதுதான். ஹீட்டர் இப்போது என் அறையில், கட்டிலை ஒட்டி, எந்த இணைப்பும் இல்லாமல் நிற்கிறது. உள்ளே இருந்த தண்ணீரையும் அன்றைக்கே வடித்தாயிற்று. தினமும் எழுந்ததும் அதன்மேல் கையை வைத்துப் பார்க்கிறேன்.

இன்னும் ஆறவில்லை.